மன்னார்க் கரையிற் சிறுமனை அமைக்கும் முறை

மக்கள் தமக்கென ஆக்கிக் கொண்ட பொருள்களுள் உணவுக்கும் உடைக்கும் அடுத்து வைத்து எண்ணப்படுவது உறையுள். உணவு ஒருநாளிற் செரித்து விடும். உடை சில ஆண்டில் நைந்து விடும். உறையுளோ ஒரு தலைமுறையின் உழைப்பை வாங்கிக்கொண்டு மறு தலைமுறையின் வாழ்வை வகுப்பது. ஆதலின், வீடு கட்டுவதிற் செய்யும் பிழை கட்டியவரோடு முடிவதில்லை. பிள்ளைகளும் அதனைச் சுமக்கின்றனர். இக்காரணம் பற்றியே வீடமைப்பைக் கொத்தனாருக்கும் தச்சருக்கும் உரிய தொழில்நுட்பம் என்று ஒதுக்கிவிடாது, கற்றோர் யாவரும் சிந்திக்க வேண்டிய பொருளாகக் கொள்ளுதல் தகும்.

இந்நாளில் நகரங்களில் நிலம் சுருங்கி வருகின்றது. ஒரு குடும்பம் இருந்த வளவில் மூன்று குடும்பங்கள் குடியிருக்கின்றன. கட்டுபொருள்களின் விலையோ ஏறிய வண்ணம் இருக்கின்றது. இந்நிலையிற் சிறுவீடு என்பது வறுமையின் அடையாளம் அன்று. அறிவோடு அமைத்தால் அது வாழ்வின் ஒழுங்காகவும் அமையும். சிறிதாயும், வேண்டும்போது மாற்றவும் பெருக்கவும் தக்கதாயும், இடத்தின் இயற்கையோடு பொருந்தி நெடுங்காலம் நிலைப்பதாயும் ஒரு வீட்டை எவ்வாறு அமைப்பது? இவ்வினாவைப் பொதுவாக ஆராய்வதினும் ஓர் இடத்தை எடுத்துக்கொண்டு ஆராய்வது பயன்தரும். அவ்விடம் மன்னார்த் தீவும் அதனை அடுத்த பெருநிலக் கரையும் ஆகும்.

நிலத்தின் இயல்பு

மன்னார்த் தீவு இலங்கையின் வடமேற்கே கடலுள் நீண்டு கிடக்கும் ஒரு மணல் திட்டு. அதன் பரப்பு ஏறத்தாழ 130 சதுரக் கிலோமீற்றர். தென்கிழக்கு முனையில் மன்னார் நகரமும் போர்த்துக்கேயர் 1560 ஆம் ஆண்டிற் கட்டிய கோட்டையும் உள. அங்கிருந்து பெருநிலத்துக்குப் பாலமும் அணைத்தெருவும் செல்கின்றன. வடமேற்கு முனையில் தலைமன்னார். அதற்கப்பால் இராமர் அணை எனப்படும் மணல் திட்டுகள் இராமேசுவரம் நோக்கிச் செல்கின்றன. எருக்கலம்பிட்டி, தாராபுரம், பேசாலை முதலிய ஊர்கள் இடையில் அமைந்துள்ளன. பெருநிலக் கரையிற் பாடல் பெற்ற தலமாகிய திருக்கேதீச்சரமும், பழந்துறையாகிய மாந்தையும், தெற்கே முத்துக்குளிப்பாற் புகழ்பெற்ற அரிப்பு, சிலாபத்துறை, மறிச்சுக்கட்டி ஆகிய ஊர்களும் இருக்கின்றன.

இந்நிலத்தில் வீடு கட்டுவோன் நான்கு பொருள்களோடு உடன்படிக்கை செய்துகொள்ள வேண்டியவனாகின்றான். அவை வெயில், காற்று, நீர், உப்பு என்பன. மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களிற் பெய்து ஓய்கின்றது. எஞ்சிய காலம் வறட்சி. வைகாசி முதற் புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசுகின்றது. மாரியில் வடகிழக்கிலிருந்து வாடைக்காற்று வருகின்றது. இக்காற்றுகளின் வலிமையை நம்பியே 2020 ஆம் ஆண்டு டிசம்பரில், முப்பது காற்றாலைகளைக் கொண்ட தம்பபவனி மின்னிலையம் இத்தீவின் தென்கரையில் இயங்கத் தொடங்கியது. காற்று மின்னாக்கும் வலிமை உடையதாயின், கூரையைப் பறிக்கும் வலிமையும் உடையது என்பதை மறத்தல் ஆகாது.

மடித்துச் செல்லும் நகரம்

சிறியதும் மாற்றத்தக்கதுமான உறையுளை இக்கரை மக்கள் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. முத்துக்குளிப்பு நடைபெற்ற காலங்களில், மாசி, பங்குனி மாதங்களிற் கடல் அமைந்திருக்கும் நாள்களில், ஆளற்ற மணற்கரையில் ஒரு நகரமே எழுந்தது. முத்துக்குளிப்போரும், சம்மாட்டிமாரும், இந்தியாவிலிருந்தும் அராபியக் கரைகளிலிருந்தும் வந்த வணிகரும், அரசாங்க அலுவலரும் எனப் பல்லாயிரவர் அங்கே கூடினர். தெருக்கள் வகுக்கப்பட்டன, நீதிமன்றமும் மருத்துவ நிலையமும் கடைகளும் அமைந்தன. இவை யாவும் கம்புகளாலும் கிடுகாலும் ஓலையாலும் ஆனவை. பிற்காலத்தில் ஆங்கில இலக்கிய உலகிற் பெயர்பெற்ற லெனார்ட் வூல்ப் என்பார் 1906 ஆம் ஆண்டில் இளம் அரசாங்க அலுவலராக மறிச்சுக்கட்டி முத்துக்குளிப்பிற் பணியாற்றித் தாம் கண்டவற்றை எழுதி வைத்தார். குளிப்பு முடிந்ததும் மக்கள் கலைந்தனர், நகரமும் மறைந்தது, கரை மீண்டும் மணலாயிற்று.

இதற்கு மறுதலையாக, அரிப்புக் கரையில் ஆளுநர் பிரெடெரிக் நோர்த் 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு மாளிகை கட்டுவித்தார். முத்துக்குளிப்பைக் கண்காணிக்க வரும் ஆளுநர் தங்குவதற்கென எழுந்த அது கிரேக்கக் கட்டடமுறையைப் பின்பற்றியமையால் டோரிக் மாளிகை எனப்பட்டது. அது இன்று இடிபாடாய்க் கடலோரத்தில் நிற்கின்றது. கரையை அரித்து வரும் கடல் அதன் பகுதிகளை ஒவ்வொன்றாக வீழ்த்துகின்றது.

இவ்விரண்டையும் ஒப்பிட்டு, ஓலைக் குடிசையே சிறந்தது என்று முடிவு கட்டுவது எளிது. அம்முடிவு பொருந்தாது. முத்துக்குளிப்பு நகரம் சில வாரத்துக்கே உரியது. அதிற் பிள்ளை பெறுவாரும் முதுமை எய்துவாரும் இலர். நெருங்கிய ஓலைக் கொட்டில்களுக்குத் தீயும் கொள்ளைநோயும் எப்பொழுதும் அண்டை அயலாகவே இருந்தன. மீன்பிடிக் காலத்துக்கென மீனவர் கரையில் இடும் வாடிகளும் அத்தன்மையனவே. அவற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்கது வடிவம் அன்று, கொள்கை. வீட்டின் ஒவ்வோர் உறுப்பும் தனித்தனியே கழற்றவும் மாற்றவும் கூடியதாய் இருத்தலும், அவ்வூரார் கைக்கும் பொருளுக்கும் எட்டியதாய் இருத்தலும் அக்கொள்கையின் இரு கூறுகள். டோரிக் மாளிகையிலிருந்து கொள்ளத்தக்க பாடமும் ஒன்று உண்டு. கடலுக்கு மிக அண்மையில் எத்துணை உறுதியாகக் கட்டினும் கடலே வெல்லும் என்பது அது.

அறையும் வெளியும்

பழைய வடபுலத்துத் தமிழ் வீடுகளை நோக்கினால் அவற்றின் அடைத்த அறைகள் மிகச் சிலவே என்பது புலனாகும். நாற்சார் வீட்டில் முற்றமே நடு. அதனைச் சூழ்ந்த தாழ்வாரத்திலும் திண்ணையிலுமே வாழ்க்கையின் பெரும்பகுதி நடந்தது. அறை என்பது பொருள்களை வைப்பதற்கும், மகப்பேறு, நோய் போன்ற வேளைகளில் ஒதுங்குவதற்கும் ஆனது. நாற்சாருக்கு வசதியில்லாதவர் ஒரு வீடு, ஒரு அடுக்களை, ஒரு தலைவாசற் கொட்டில் எனத் தனித்தனியே சிறு கட்டடங்களை ஒரு வளவுள் அமைத்தனர். பகலில் அமர்ந்து ஓலை பின்னும் திண்ணையே இரவிற் படுக்கையாயிற்று. விருந்தினர் வந்தால் அதுவே வரவேற்பு மண்டபமாயிற்று. ஓரிடத்துக்கு ஒரு பயன் என்று கட்டாது, ஒரே இடத்தைப் பல பயனுக்கு ஆளும் இம்முறையே சிறுவீட்டின் உயிர்நிலை எனலாம்.

இக்காலத்து வீடுகளில் இம்முறை தலைகீழாயிற்று. பெரிய வீட்டின் படத்தைப் பார்த்து அதனைச் சுருக்கிச் சிறுவீடு ஆக்குகின்றனர். வரவேற்பறை, உணவறை, படுக்கையறை மூன்று என்பன யாவும் தீக்குச்சிப் பெட்டிகளாகச் சுருங்கி ஒரு கூரையின்கீழ் வந்து சேர்கின்றன. சுவர்கள் மிகுகின்றன, காற்று குறைகின்றது, செலவு ஏறுகின்றது. சிறுவீட்டிற் சுவர் ஒவ்வொன்றும் இடத்தையும் பணத்தையும் உண்பது. ஆகவே, கட்ட வேண்டிய சுவர் எவ்வளவு என்று கேட்பதினும், விடத்தக்க சுவர் எது என்று கேட்பதே முதற்கண் செய்யத்தக்கது.

வெயிலும் காற்றும்

மன்னார் நகரம் ஏறத்தாழ வடக்கு அகலக்கோடு 9 பாகையில் உள்ளது. இதனாற் சித்திரைப் புத்தாண்டை அண்டிய நாள்களில் நண்பகலில் ஞாயிறு தலைக்குநேர் உச்சியில் நிற்கும். நெடுநல்வாடையிலே, நண்பகலில் ஞாயிறு ஒருபுறமும் சாயாது நிற்கும் வேளையில் இரு கோல்களை நட்டு நிழல் நோக்கித் திசையறிந்து அரண்மனைக்கு இடம் வகுத்த செய்தி வருகின்றது. வீட்டுக்கும் ஞாயிற்றுக்கும் உள்ள தொடர்பை நம் முன்னோர் கணித்தறிந்தனர் என்பதற்கு அது சான்றாகும்.

இக்கணக்கின் பயன் யாது? ஆனியில் ஞாயிறு நண்பகலில் வடபுறம் 14 பாகையளவே சாய்கின்றது. மார்கழியில் தென்புறம் 32 பாகையளவு சாய்கின்றது. ஆகவே, வடக்கு, தெற்குச் சுவர்களை ஓரளவு நீண்ட தாழ்வாரம் ஒன்றே வெயிலிலிருந்து காத்துவிடும். கிழக்கு, மேற்குச் சுவர்களோ காலையிலும் மாலையிலும் தாழ்ந்து வரும் வெயிலை நேரே ஏற்கின்றன. தாழ்வாரம் அவற்றைக் காப்பதில்லை. இதிலிருந்து பிறக்கும் விதி தெளிவானது: வீட்டின் நீளம் கிழக்கு மேற்காக ஓட வேண்டும், மேற்குப் புறத்திற் படுக்கையறை வைத்தலாகாது, அங்கே களஞ்சியம், அடுக்களை போன்றவற்றை வைத்து அவற்றை வெயிலுக்குத் திரையாக்க வேண்டும்.

உச்சி வெயிலை ஏற்பது கூரை. தகரம் சூடேறி அச்சூட்டைக் கீழே வீசுகின்றது. சீமெந்துத் தட்டுக்கூரை பகலெல்லாம் சூட்டை வாங்கி வைத்து இரவில் உமிழ்கின்றது. பனையோலையோ தன்னுள் அடைத்து வைத்திருக்கும் காற்றினாலே சூட்டைத் தடுக்கின்றது. ஆனால், சில ஆண்டுக்கொருமுறை வேய வேண்டும், தீக்கும் அஞ்ச வேண்டும். ஓட்டுக்கூரை இவற்றுக்கு இடைப்பட்டது. நகரத்துச் சிறுவீட்டுக்கு ஓடு பொருத்தமானது. அதன்கீழ் ஓலைப்பாயினாலோ மெல்லிய பலகையினாலோ ஒரு மேல்விதானம் இட்டு, விதானத்துக்கும் ஓட்டுக்கும் இடையில் காற்றுப்போக வழிவிட்டால் வெம்மை பெரிதும் தணியும். தகரமே வாங்க முடிந்தவரும் இவ்விதானத்தாற் பயன் பெறலாம்.

காற்றின் திசையை அறிந்தால் அடுக்களை வைக்கும் இடமும் தானே விளங்கும். இக்கரையின் பெருங்காற்றுகள் இரண்டு: சோளகம் தென்மேற்கிலிருந்து வடகிழக்குக்கும், வாடை வடகிழக்கிலிருந்து தென்மேற்குக்கும் வீசுவன. தென்மேற்கு மூலையில் அடுக்களை வைத்தால் சோளகம் அடுப்புப் புகையை வீடு முழுவதும் கொண்டு செல்லும். வடகிழக்கு மூலையில் வைத்தால் வாடை அதே வேலையைச் செய்யும். எஞ்சிய இரு மூலைகளும் காற்றோடும் வழிக்கு விலகியவை. எக்காற்று அடிப்பினும் புகை வீட்டை ஊடுருவாது அதன் ஓரமாகவே போய்விடும். மனைநூல் மரபில் தென்கிழக்கை அக்கினி மூலை என்று அடுக்களைக்கு வகுத்தனர். அஃதில்லையேல் வாயு மூலையாகிய வடமேற்கைக் கொண்டனர். மரபென்று நாம் பேணியதும் காற்றென்று நாம் கணித்ததும் ஒரே இடத்தில் வந்து சந்திக்கின்றன. மன்னாரில் மேற்கு வெயிலுக்குத் திரையும் வேண்டியிருப்பதால் வடமேற்கு மூலையே சாலச் சிறந்தது.

இனி, புயலை நோக்குவோம். 1964 ஆம் ஆண்டு டிசம்பர் 22, 23 ஆம் நாள்களில் வீசிய பெரும்புயல் அக்கரையிலே தனுஷ்கோடியை அழித்தது. இக்கரையிலே தலைமன்னாரையும் மன்னாரையும் தாக்கியது. 2020 ஆம் ஆண்டு டிசம்பரிற் புரெவிப் புயல் முல்லைத்தீவுக் கரையேறி மன்னார் வளைகுடா நோக்கிச் சென்றது. காற்று கூரையை அமுக்கி உடைப்பதினும் மேல்நோக்கி உறிஞ்சித் தூக்குவதே மிகுதி. ஆகவே, கூரையின் பாரத்தை மட்டும் நம்பி இராது, கைமரத்தை வளையோடும், வளையைச் சுவரின் மேற்பட்டையோடும், பட்டையை அத்திவாரத்தோடும் இரும்புப் பட்டியால் தொடர்ந்து பிணைக்க வேண்டும். மிகத் தாழ்ந்த சாய்வு உறிஞ்சலுக்கு இடங்கொடுக்கும். 30 பாகையளவு சாய்வு நன்று. விறாந்தைக் கூரையை வீட்டுக் கூரையின் நீட்சியாக அமைக்காது தனியே அமைத்தால், புயல் விறாந்தையைப் பறித்தாலும் வீடு தப்பும். இவற்றுக்காகும் செலவு வீட்டின் மொத்தச் செலவிற் சிறு பங்கே.

உப்பும் நீரும்

கடற்கரையிற் கட்டும் வீட்டின் பகை வெளியில் மட்டும் இல்லை. அது சுவரினுள்ளும் இருக்கின்றது. உப்புக் கலந்த மணலையோ நீரையோ சீமெந்தோடு சேர்த்தால், உள்ளிருக்கும் இரும்புக் கம்பி துருப்பிடிக்கும். துருப்பிடித்த இரும்பு பருத்து, மூடிய கொங்கிரீற்றை வெடிக்கச் செய்யும். பத்துப் பதினைந்து ஆண்டில் விட்டமும் தட்டும் உதிர்வதற்குக் காரணம் பெரும்பாலும் இதுவே. ஆதலின், கழுவிய மணலையும் நன்னீரையும் கொள்ளுதல், கம்பியின்மேற் போதிய தடிப்பு விடுதல், இயலுமிடத்து இரும்பையே தவிர்த்தல் என்பன விதிகளாகும். முற்காலத்தவர் பவளக்கல்லைச் சுட்டுச் சுண்ணாம்பு ஆக்கினர். பவளப்பாறைகள் கரையைக் காக்கும் அரண்களாதலால் அவற்றை அகழ்வது இன்று சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளது. தீவின் மணலையே அள்ளிக் கல் அரிவதும் ஆராயத்தக்கது. தாழ்ந்து கிடக்கும் தீவில் மணலே நிலம். அதனை அகழ்ந்து சுவராக்குவது நிற்கும் படியை உரித்து ஏணி செய்வது போலாகும். முற்றிய பனைமரம், பழைய ஓடு, இடிந்த வீட்டின் கல் ஆகியவற்றை மீண்டும் பயன்படுத்துதலே இங்குச் சிக்கனமும் நெறியும் ஆகும்.

நீரின் இயல்பு இதனினும் நுண்ணியது. மணற்றீவிற் பெய்யும் மழை கீழிறங்கி, தன்னிலும் பாரமான உவர்நீரின்மேல் ஒரு வில்லைபோல மிதந்து நிற்கின்றது. கைபென், ஹேர்ட்ஸ்பேர்க் என்னும் இருவர் பெயரால் வழங்கும் விதியின்படி, நன்னீர் மட்டம் கடல்மட்டத்துக்குமேல் 1 அடி நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும். இதன் மறுபக்கம் அச்சந்தருவது: மேல்மட்டம் 1 அடி குறைய, கீழிருந்து உவர்நீர் 40 அடி மேலேறும். இயந்திரத்தால் அளவின்றி இறைத்தல் இத்தீவிற் கிணற்றைக் கெடுக்கும் வழி என்பது இதனாற் பெறப்படும்.

மற்றொரு கேடு மலசலகூடக் குழி. மணலில் நீர் விரைந்து ஓடுமாதலாற் குழிக்கும் கிணற்றுக்கும் 50 அடியேனும் இடைவெளி வேண்டும். தன் வளவில் இவ்விதியைக் காத்தவனுக்கும் அடுத்த வீட்டான் குழி வேலியோரத்தில் இருந்தாற் பயனில்லை. எனவே, இது வீட்டு விதியாக அன்றித் தெரு விதியாக இருத்தல் வேண்டும். ஒரு தெருவில் எல்லாக் கிணறும் முன்புறம், எல்லாக் குழியும் பின்புறம் என்று வகுத்தால், முதுகோடு முதுகு சேரும் வளவுகளிற் குழிகள் ஒன்றையொன்று அடுத்தும் கிணறுகளுக்குத் தொலைவாயும் அமையும். அயலவர் உடன்பாடே இங்குச் சிறந்த பொறியியல்.

மழைநீரைச் சேமித்தலும் இன்றியமையாதது. கணக்கை நோக்குக. கூரையின் பரப்பு 50 சதுர மீற்றர், ஆண்டு மழை 900 மில்லிமீற்றர் எனக் கொண்டால், கூரையில் விழும் நீர் 45,000 இலீற்றர். ஐந்தில் ஒரு பங்கு வீணாயினும் 36,000 இலீற்றர் கிடைக்கும். ஐவர் கொண்ட குடும்பத்துக்குக் குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 5 இலீற்றர் என்றால் நாளுக்கு 25 இலீற்றர். வறண்ட எட்டு மாதத்துக்கு, அஃதாவது 240 நாளுக்கு, 6,000 இலீற்றர். ஆக, 8,000 இலீற்றர் கொள்ளும் ஒரு தொட்டி குடிநீர்க் கவலையைத் தீர்த்துவிடும். எஞ்சிய மழையை நிலத்துள் இறக்கினால் கிணற்றின் நன்னீர் வில்லை தடிக்கும். வளவு முழுதும் சீமெந்து பூசி மழையைத் தெருவுக்கு ஓட்டுபவர் தம் கிணற்றைத் தாமே வற்றச் செய்கின்றனர்.

வளரும் வீடு

இதுகாறும் கூறியவை இடத்தின் இயற்கை பற்றியன. இனி மக்களின் இயற்கையை நோக்க வேண்டும். நம்மவர் குடும்பம் ஓர் அளவில் நிற்பதன்று. மகளுக்கு வீடு சீதனமாகக் கொடுக்கும் வழக்கம் இங்குப் பலரிடத்தும் உண்டு. ஆகவே, ஒரு வளவு இருபது ஆண்டுக்கொருமுறை பிரிவினைக்கு உள்ளாகின்றது. போர் இதனை மேலும் சிக்கலாக்கியது. 1990 ஆம் ஆண்டு ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். தமிழ் மக்களும் பலமுறை இடம்பெயர்ந்தனர். 2009 ஆம் ஆண்டிற் போர் முடிந்த பின் திரும்பியபோது, போனது ஒரு குடும்பம், வந்தது மூன்று குடும்பம் என்ற நிலை பல வளவுகளிற் காணப்பட்டது. வளவோ பழைய அளவினதே.

இந்நிலையில் எழுந்தவற்றுள் பெரியது இந்திய வீடமைப்புத் திட்டம். 2010 ஆம் ஆண்டில் அறிவிக்கப்பெற்ற 50,000 வீடுகளுள் பெரும்பகுதி 2012 முதல் வடக்கிலும் கிழக்கிலும், மன்னார் மாவட்டத்திலும், எழுந்தன. குடும்பம் ஒன்றுக்கு 5,50,000 ரூபா கட்டங்கட்டமாகக் கொடுக்கப்பட்டது. வீட்டின் பரப்பு ஏறத்தாழ 550 சதுர அடி. கட்டும் பொறுப்பு வீட்டுக்காரரிடமே விடப்பட்டது. இதனாற் பணமும் வேலையும் ஊரிலேயே தங்கின. வீட்டைத் தம்முடையதாக மக்கள் உணர்ந்தனர். குறையும் இல்லாமல் இல்லை. வகுத்த அளவினும் பெரிதாகத் தொடங்கி, நகையை ஈடுவைத்தும் கடன்பட்டும் முடிக்க இயலாது திகைத்தவர் உளர்.

இதன்பின் 2015, 2016 ஆம் ஆண்டுகளில், தொழிற்சாலையில் ஆக்கிய உருக்கு உறுப்புகளைப் பொருத்தி 65,000 வீடுகள் அமைக்கும் திட்டம் ஒன்று அரசாங்கத்தால் முன்வைக்கப்பட்டது. வீடொன்றின் விலை ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா. அக்காலத்திற் கல்வீட்டுக்கு அரசாங்கம் கொடுத்த தொகை 8 இலட்சம். விரைவாக முடியும் என்பது அதன் சார்பில் எடுத்துரைத்த பெரும் நியாயம். விலை மிகுதி, வெப்பம், உப்புக்காற்றில் நீடித்தல், ஊரார்க்கு வேலையின்மை, விரும்பியவாறு பெருக்க இயலாமை என்பன எதிர்த்தோர் காட்டிய குறைகள். மக்களும் பொறியியலறிஞரும் எழுப்பிய எதிர்ப்பினால் அத்திட்டம் எண்ணியவாறு நிறைவேறவில்லை. இவ்வழக்கில் நாம் கருதத்தக்கது உருக்கா கல்லா என்பது மட்டும் அன்று. வீடு என்பது கொடுத்து முடிக்கும் பொருளா, மக்கள் தாமே தொடர்ந்து ஆக்கும் செயலா என்பதே அதன் உட்கிடை. ஊர்க் கொத்தனாராற் பழுதுபார்க்க இயலாத வீடு முதற் பழுதோடு பாழ்படத் தொடங்கும்.

வளரும் வீட்டுக்கு உலகிலும் நம் நாட்டிலும் முன்மாதிரிகள் உள. 1984 முதல் 1989 வரை இலங்கையில் நடந்த பத்து இலட்சம் வீட்டுத் திட்டம், முழு வீட்டைக் கட்டிக் கொடாது, சிறு கடன் அளித்து மக்கள் தாமே படிப்படியாகக் கட்ட வழிசெய்தது. இந்தியாவில் இந்தூர் நகரில் பாலகிருஷ்ண தோசி என்னும் கட்டடக் கலைஞர் அமைத்த ஆரண்யா குடியிருப்பில், ஏழைகளுக்கு 35 சதுர மீற்றர் அளவான மனையும் நீர், மலசலகூடம் முதலியவற்றைக் கொண்ட ஒரு கருவும் கொடுக்கப்பட்டன. ஏனையவற்றை வாழ்வோரே வளர்த்துக்கொண்டனர். சிலி நாட்டில் இக்கிக்கே என்னும் கடற்கரை நகரில் 2004 ஆம் ஆண்டில் ஏறத்தாழ நூறு குடும்பங்களுக்கு அமைத்த குடியிருப்பில், அலெகாந்திரோ அரவேனாவும் துணைவரும் நல்ல வீடொன்றின் பாதியையே கட்டினர். மறுபாதிக்குரிய இடத்தை வெறுமையாக விட்டனர். குடும்பத்தாற் செய்ய இயலாத அத்திவாரம், கூரைப் பிணைப்பு, நீர்வழி ஆகியவற்றைத் திட்டத்தார் செய்தனர். செய்ய இயன்ற சுவர், தளம் ஆகியவற்றைக் குடும்பத்தார் செய்தனர். பொறுப்பை இவ்வாறு பகுப்பதே நுட்பம்.

ஒரு மாதிரி

கூறிய விதிகள் ஒன்றுசேரும் வகையை ஒரு மாதிரியாற் காட்டுதும். ஒரு பரப்பு நிலம், அஃதாவது 10 பேர்ச், ஏறத்தாழ 2,720 சதுர அடி. கிழக்கு மேற்காக 40 அடியும் வடக்குத் தெற்காக 68 அடியும் கொண்ட வளவு, தெற்கே தெரு என்க. தெருவிலிருந்து 9 அடி விட்டு, கிழக்கு மேற்காக 25 அடியும் வடக்குத் தெற்காக 22 அடியும் கொண்டு 550 சதுர அடியில் வீட்டை அமைக்கலாம். தென்புறத்தில் 6 அடி அகன்ற விறாந்தை நெடுக ஓடும். மாரி மழை வடகிழக்கிலிருந்து சாய்வதால் இவ்விறாந்தை மழையில் நனையாது. கோடையிற் சோளகத்தை ஏற்கும். எஞ்சிய 16 அடி ஆழத்தில் நடுவே 9 அடி அகன்ற கூடம். அதன் தெற்கு, வடக்குக் கதவுகள் நேருக்கு நேர் நின்று காற்றை ஊடறுக்க விடும். கிழக்கே 8 அடி அகன்ற அறை. மேற்கே அதே அகலத்தில் வடக்குப் பாதி அடுக்களை, தெற்குப் பாதி களஞ்சியம்.

முதற்படியில் அத்திவாரம், பிணைத்த கூரை, புறச்சுவர், அடுக்களை, மலசலகூடம், மழைநீர்த் தொட்டி ஆகியவற்றை முடிக்க வேண்டும். உட்சுவர்கள் கூரையைத் தாங்காதவாறு அமைத்தால், அவற்றைப் பின்னர் எழுப்பவும் நீக்கவும் கூடும். தொடக்கத்தில் பாய்த்தட்டியே போதும். கிழக்கு அறை முதியோர்க்குரியதாகலாம். பிள்ளைகள் பருவமெய்தும்போது அதனை இரண்டாகவும் பகுக்கலாம். வீட்டுக்குப் பின்னே 16 அடி முற்றம். முற்றத்துக்கு அப்பால் 16 அடி ஆழத்தில் மகளின் வீட்டுக்கு இடம் ஒதுக்கி, அதுவரை அங்கே முருங்கையும் வாழையும் வைக்கலாம். அவ்வீடு எழும்போது முற்றம் இரு வீட்டுக்கும் பொதுவாகும். பழைய நாற்சாரின் பண்பு ஒரு பரப்பு நிலத்தில் மீண்டும் உருப்பெறும். கிணறு தென்கிழக்கு முனையில், குழி வடமேற்கு முனையில். இடைவெளி 60 அடிக்குமேல். மகளுக்கு மேற்குப் புறமாகத் தெருவரை ஒரு நடைவழி இருக்கும். பிரிவினை வந்தாலும் சுவரிடித்து வழக்காட வேண்டிய தேவை எழாது.

இத்தகைய வீட்டைக் காண்போர் பெரிது என்று வியக்கமாட்டார். ஆயின், அதில் வாழும் மூதாட்டி கோடையில் உள்ளே படுத்துறங்குவாள்; மருமகள் புகையின்றிச் சமைப்பாள்; பிள்ளைக்கு விறாந்தையிற் படிக்க இடமிருக்கும்; கடன்காரன் படலையில் நிற்கமாட்டான். இவையே வீட்டின் பெருமையை அளக்கும் அளவைகள் ஆகவேண்டும். நம் மாணவருட் பொறியியல் கற்போரும் புவியியல் கற்போரும் விடுமுறையிலே தத்தம் ஊரின் ஒரு தெருவை எடுத்துக்கொண்டு, எவ்வீட்டில் வெப்பம் எவ்வளவு, கிணற்றுக்கும் குழிக்கும் தூரம் எவ்வளவு, எந்நாளில் எத்திசைக் காற்று என்று அளந்து எழுதி வைப்பாராயின், அவ்வூரில் அடுத்து எழும் வீடு முந்தியதினும் நன்றாக அமைய அக்குறிப்பே துணையாகும்.